கண்ணு படக் கட்டிய வீடு

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கண்ணு படக்கூடாதே என்ற பயத்தோடுதான் கட்டுவார்கள். நிலை வைத்த அன்றைக்கே எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிடுவார்கள். தளம் போட்டதும் பூதத்தின் முகம் ஒன்றை மாடியிலிருந்து இறக்கி மாட்டுவார்கள். பார்க்கிறவன் கண் முதலில் அந்தக் கோர மூஞ்சியில் விழட்டும், வீட்டின் மேல் விழுகிற பொறாமையை எல்லாம் அது வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு கணக்கு. பரிமளா ஒருத்திதான் கண்ணு படணும் என்றே வீடு கட்டினாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்தி, வாயைப் பிளந்து, வயிறெரிந்துவிட்டுப் போகணும். அதற்காகவே ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

திருமானூரிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கமாக உள்ளே போகிற ரோட்டில், ஊருக்குள் நுழைகிற வளைவில் இருக்கிறது அந்த வீடு. கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் தங்கக் கோடு. கேட்டில் இரண்டு மயில், தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி பெயிண்ட். முகப்பில் ஒளி அடித்தால் மின்னுகிற டைல்ஸ். பெரிய வீடெல்லாம் இல்லை, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஆனாலும் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்ப்பார்கள். பரிமளாவுக்கு அது போதும்.

அவள் பிறந்தது அரும்பாவூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வெங்காயம் நட்டுப் பிடுங்கியே காலத்தை ஓட்டியவர்கள். கட்டிக்கொடுத்தது இந்த ஊரில், பெயிண்டர் அரியமுத்துவுக்கு. அவன் சும்மா இருக்கிற சுவரைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டான். இவர்கள் குடியிருந்த கூரை வீட்டின் தகரக் கதவைச் சுற்றிக்கூட, வேலைக்குப் போன இடத்தில் மிச்சமான நீலத்தைக் கொண்டுவந்து ஒரு கொடி வரைந்தான். "தகரத்துக்கு எதுக்குய்யா இம்புட்டு சோடனை" என்று அவள் கேட்டால், "நாம தெனம் பாக்குற கதவுடி" என்பான். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்று எல்லோருக்கும் போகிற போக்கில் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவன்.

அவனைக் கொன்றது ராசாங்கத்தின் வீடு. ராசாங்கம் யாரென்றால், ஊரில் பாதிக் கரும்புக் கொல்லைக்குச் சொந்தக்காரன், லாரி வைத்திருக்கிறவன், வாயைத் திறந்தால் அடுத்தவனை ஏறுக்குமாறாகப் பேசுகிறவன். வயதில் பெரியவன்தான், இருந்தும் மரியாதை கொடுத்துச் சொல்ல நாக்கு புரளமாட்டேன் என்கிறது. அவன் ஊருக்குள்ளேயே பெரிதாக வீடு கட்டினான். மாடியில் இரண்டு சிங்கம், நெற்றியில் யானைகள் தண்ணீர் ஊற்றுகிற கஜலட்சுமிச் சிலை. புதுமனை புகுவிழா அன்று விடிகாலையில் வந்து பார்த்தவனுக்கு லட்சுமியின் கிரீடத்தில் தங்கநிறம் மங்கலாகத் தெரிந்ததாம். பிரித்துவைத்திருந்த சாரத்தை அவசர அவசரமாகத் திரும்பக் கட்டச் சொல்லி, அரியமுத்துவை மேலே ஏற்றிவிட்டான். கயிறு சரியாக இறுகவில்லை. பனி ஈரத்தில் கட்டை நழுவி, கையில் தங்கநிற டப்பாவோடு அவன் கீழே விழுந்தான்.

பரிமளா அப்போது கரும்பு வெட்டப் போயிருந்தாள். ஆள் வந்து சொல்லி, தலைதெறிக்க ஓடி அந்த வாசலுக்கு வந்தபோது ரோட்டில் பூசணிக்காய் உடைந்து குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. உள்ளே நாகஸ்வரம் கேட்டது. பந்தலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்று ராசாங்கம் விருந்தாளி ஒருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "வூட்டுக்கு வர இருந்த திருஷ்டிங்க. அவனோட கழிஞ்சிது." அதைச் சொல்லிவிட்டு, வந்தவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்து இழுத்தான்.

கூட வேலை பார்த்த அமாவாசைதான் அவளைத் தாங்கிப் பிடித்தான். "வுழுந்த ஒடனே போயிடுச்சு தங்கச்சி. ஒண்ணும் தெரியாமயே போயிட்டான். கஷ்டப்படல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைய பொழுதைக் கடந்தாள். ஆனால் ராசாங்கத்தின் சொல் ஆறவில்லை. ஒரு மனுஷனை, பூசணிக்காயை வைத்த இடத்தில் வைத்துப் பேசிவிட்டானே என்று வயிறு எரிந்தது. எந்த வீட்டில் பூசணிக்காய் உடைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், அங்கிருந்து எழுந்து போய்விடுவாள்.

பிறகு அவள் கரும்பு வெட்டப் போகவில்லை. ராசாங்கத்தின் கொல்லையில் கால் வைக்கமாட்டேன் என்று அரியலூருக்கு பஸ் ஏறினாள். ஒரு டைல்ஸ் கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. கூட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். ஹாலுக்குப் பளபளப்பு கேட்கிற மாமியாரும், வழுக்கும், வேண்டாம் என்கிற மருமகளும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறபோது, நடுவில் ஒரு டைல்ஸை எடுத்து வைத்து இரண்டு பேரையும் தலையாட்ட வைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு வந்தது. பூஜை ரூமுக்குத் தாமரை, வாசலுக்கு நேராகப் பிள்ளையார், மாடிப்படிக்குக் கோடு போட்டது என்று யாருக்கு எது பிடிக்கும் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். முதலாளி துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, கடையில் நின்று வியாபாரம் பார்க்கச் சொன்னார். அந்தச் சம்பளத்தில் மகள் தென்றலைப் படிக்கவைத்தாள். அவள் இப்போது பெரம்பலூரில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள்.

வளைவில் இருந்த மனைக்குப் பட்டா கிடைத்ததும் பரிமளாவுக்குப் பாதி மனசு நிறைந்துபோனது. ராசாங்கம் கொல்லைக்குப் போனாலும் டவுனுக்குப் போனாலும் அந்த வளைவைத் தாண்டித்தான் போகணும்.

தளம் போட்டதும் அமாவாசையை வரச் சொன்னாள். அவன் சாரம் ஏறுவதை விட்டுவிட்டுப் பெரம்பலூர் ரோட்டோரம் போர்டு எழுதுகிறான், திருஷ்டி பொம்மையும் செய்து விற்கிறான்.

"ஒரு பொம்ம வேணும்ண்ணே. பெருசா."

"கடையிலயே இருக்குதே, ஒண்ண எடுத்துக்க."

"அது வேணாம். ராசாங்கம் மூஞ்சி வேணும்."

அமாவாசை யோசிப்பான், பயப்படுவான், ஊர்வம்பு எதுக்கு என்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு போய், சொன்ன நாளுக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தான். அவள் கேட்டது ஜாடை. அவன் கொண்டுவந்தது ஆளையே. மூக்கோரத்தில் சுண்டைக்காய் அளவு மரு, அதில் இரண்டு முடி. மையடித்துக் கீழே வளைத்துவிட்ட மீசை. தங்கம் கட்டிய பல்லைக் கோரைப்பல்லாக நீட்டி, அதற்கும் தங்கநிறம் பூசியிருந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. நாக்கு மார்வரை தொங்கியது. இவனுக்கு எதற்கு இவ்வளவு ஆத்திரம் என்று அவளுக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

நல்ல நாள் பார்த்து மாட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் பாதி, தெருமுனை திரும்பிய பிறகு சிரித்தவர்கள் பாதி. ராசாங்கமும் பார்த்தான். வண்டியை நிறுத்தினான், அண்ணாந்தான், தன் மூக்கோரத்து மருவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கிளம்பிப் போய்விட்டான்.

மறுநாள் முன்னாள் பிரசிடெண்ட் நடராசன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இழுத்தார்.

"அந்த பொம்ம இருக்குதே பரிமளா, அது ஒருத்தர் மாதிரி இருக்குதுன்னு பேச்சு வருது."

"யாரு மாதிரிண்ணே?"

"அதான்… ஊருல பேசிக்கிறாங்க."

"எனக்குத் தெரியலண்ணே. பேய் மூஞ்சி, நாக்கு தொங்குது, பல்லு நீட்டிக்கிட்டு இருக்குது. இது யாரு மூஞ்சின்னு அவரே வந்து சொல்லட்டும், நாலு பேர வச்சுக்கிட்டு."

நடராசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனிலும் இதே கதைதான் ஆனதாம். புகார் என்றால், அந்தப் பூதம் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடணும். ராசாங்கம் பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

"என்னதாம்மா வேணும் ஒனக்கு?" என்றார் நடராசன்.

"செஞ்சது தப்புன்னு இந்த வாசல்ல வந்து நின்னு அவர் வாயால சொல்லட்டும். அப்பவே எறக்கிடுறேன். என்ன தப்புன்னு அவருக்கே தெரியும்."

அந்தச் சொல்லை அவன் திரும்ப விழுங்கணும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் கத்தரிப்பூ நிறமும் தங்கக் கோடும் மயிலும். வீடு எத்தனை அழகோ அத்தனை கண்ணு. அத்தனை கண்ணும் அவன் மூஞ்சியில். ஆள் செத்தால் திருஷ்டி கழியும் என்று நம்புகிறவனுக்கு இது மட்டும் பலிக்காது என்று இருக்கமுடியுமா? பொங்கலுக்குச் சீரியல் லைட் போட்டாள். கார்த்திகைக்கு மாடிச் சுவர் முழுக்க அகல் வைத்தாள். வாசலில் தெருவை அடைத்துக் கலர்க் கோலம் போட்டாள், செல்போனில் படம் பிடிக்கப் பக்கத்து ஊர்ப் பெண்களெல்லாம் வந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலிருந்தும் "என்னமா கட்டியிருக்கா" என்ற பேச்சு வரும்போதெல்லாம் பரிமளா அண்ணாந்து பொம்மையைப் பார்த்துக்கொள்வாள். வாங்கிக்கடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவன் வாங்கிக்கொண்டான். போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்தது, கம்பி புதிதாகச் சுற்றி மாட்டியதும் மறுபடி எரிந்தது. ஜெயங்கொண்டத்தில் பேசி முடித்திருந்த மகன் கல்யாணம் தட்டிப்போனது. மோட்டார் எரிவதும் சம்பந்தம் முறிவதும் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் ஊர் அப்படிப் பேசவில்லை, ராசாங்கமும் அப்படி நினைக்கவில்லை. கடைசியாக அக்கி வந்தது, அதுவும் முகத்தில். ஊர் வழக்கப்படி குயவர் வந்து காவியைக் குழைத்துக் கன்னத்திலும் நெற்றியிலும் அக்கி எழுதிவிட்டுப் போனார். செக்கச்செவேலென்ற மூஞ்சியோடு அவன் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிள்ளைகள், "பொம்ம எறங்கி வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு ஓடின. அன்றைக்கு பரிமளா கடையிலிருந்து வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள்.

தென்றலுக்குத்தான் இது எதுவுமே பிடிக்கவில்லை. தா.பழூரிலிருந்து அரவிந்தன் என்ற பையனின் வீட்டார் நிச்சயம் பேச வருவதாக இருந்தது.

"அவங்க வந்து பாத்தா என்னம்மா நெனப்பாங்க? எறக்கிடு. அவன் ஏதோ வாய்க்கொழுப்புல சொன்னான். அப்பாவே போயிட்டாரு, இனிமே அந்தப் பேச்சப் புடிச்சு என்ன பண்ணப்போற?"

"நீ பந்தல்ல நின்னு கேக்கல" என்றாள் பரிமளா. மகள் சாப்பிடாமல் வேலைக்குப் போனாள். அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் ராசாங்கம் வந்தான். தனியாகத்தான் வந்தான், தோளில் கிடந்த துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. மயில் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டான். முன்னெல்லாம் "ஏ புள்ள" என்று கூப்பிட்ட வாய்.

"பரிமளாம்மா. நான் செஞ்சது தப்புதாம்மா. மன்னிச்சுக்க. அத எறக்கிடு."

பரிமளா அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, முழுச் சந்தோஷம். அவன் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, சொன்ன சொல் தவறக்கூடாது என்று ஏணியை எடுத்துப்போட்டு, கத்தியோடு ஏறினாள். வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் தண்ணீர் கொடுக்கணும் என்று தென்றல் சொம்போடு வெளியே வந்தாள்.

கயிற்றைப் பிடித்துக் கத்தியை வைத்தாயிற்று. கீழே ராசாங்கம் பேசிக்கொண்டே இருந்தான். பயம் விட்டுப்போன நிம்மதியில் வருகிற பேச்சு.

"அன்னைக்கி அந்த வண்டியக் குடுத்துருக்கணும்மா. அமாவாச கால்ல வுழுந்து கேட்டான். புது காரு, மால போட்டு, சம்பந்தக்காரங்கள அழைச்சாரதுக்கு நிறுத்தி வச்சிருந்தது. அதுல ரத்தம் பட்டா நல்லதில்லன்னு வூட்டுல சொன்னாங்க. பூச முடியட்டும்டான்னு நானும் சொல்லிட்டேன். அதுவரைக்கும் தாங்குவான்னு நெனச்சேன்."

ஏணியின் மேல் பரிமளாவின் கை நின்றுவிட்டது.

"உசுரு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சே. பின்னாடி மாட்டுக்கொட்டாயில படுக்கவச்சிருந்தோம். தண்ணி கேட்டானாம்."

"எம்மா நேரம்?"

அப்போதுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது. துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒனக்குத் தெரியாதா? இதுக்குத்தான் பொம்ம கட்டுனன்னு…"

"எம்மா நேரம்ன்னு கேக்குறேன்."

"பசுவ உள்ள அழைச்சு, பால் காய்ச்சி… பூசணிக்கா ஒடைக்கிற வரைக்கும்."

தென்றல் நீட்டியிருந்த சொம்பில் அவன் விரல் பட்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கி, தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள். "அம்மா, எறங்கு. அத அறுக்காத" என்றாள்.

பரிமளா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு சொல்லுக்காக இத்தனை வருஷம் எரிந்திருக்கிறாள். சொல்லுக்குப் பின்னால் இது கிடந்திருக்கிறது. புருஷன் ஒண்ணும் தெரியாமல் போய்விட்டான் என்று நம்பித் தூங்கியிருக்கிறாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வலி தெரிந்திருக்கிறது, தாகம் தெரிந்திருக்கிறது, நாகஸ்வரம் காதில் விழுந்திருக்கிறது. அவளுக்கு ராசாங்கத்தை அந்தக் கத்தியாலேயே குத்தணும் போல் இருந்தது. இருந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"பொம்மய எறக்குறேன்னு வாக்கு குடுத்தேன்" என்றாள். "எறக்கிடுறேன். நாளைக்கே. நீ போ."

அவர் போய், நீ வந்துவிட்டது. அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான்.

அவன் தலை மறைந்ததும் அமாவாசைக்குப் போன் போட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன், "சொல்லியிருந்தா நீ உசுரோட இருந்துருப்பியா தங்கச்சி? சின்னப் புள்ளய வச்சிருந்த" என்றான். "சொல்ல முடியாததத்தான் அந்த மூஞ்சியில எழுதுனேன்."

"நாளைக்கி வா. பொம்மய எறக்கணும்."

"எறக்கணுமா?"

"காத்துல ஆடுறது எனக்கு வேணாம். சிமெண்ட்டுல வேணும். லட்சுமி வைக்கிற எடத்துல, நெத்தியில."

அமாவாசை தெரிந்த கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து, கம்பி கட்டி, சுவரோடு சுவராக அதை எழுப்பினான். மழைக்கும் வெயிலுக்கும் போகாத எனாமல் பெயிண்ட். மருவும் மீசையும் தங்கப் பல்லும் இப்போது வீட்டை இடித்தால்தான் போகும். ராசாங்கம் கொல்லைக்கு இப்போது கொள்ளிடக் கரையோரத்துச் சேற்றில் சுற்றிக்கொண்டு போகிறான். முகத்தில் அக்கி ஆறிவிட்டது.

தா.பழூர்க்காரர்கள் சொன்ன நாளில் வந்தார்கள். மயிலைப் பார்த்தார்கள், டைல்ஸைத் தடவிப் பார்த்தார்கள், வீடு கண்ணைப் பறிக்கிறது என்றார்கள். அரவிந்தனின் அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, திருஷ்டி பொம்மையச் சிமெண்ட்டுல வச்சிருக்கீங்க. யாரோ ஆளப் பாத்து செஞ்ச மாதிரி இருக்குது" என்று சிரித்தார்.

இதுவரை அப்படிக் கேட்டவர்களிடமெல்லாம் பரிமளா, எனக்குத் தெரியலையே என்று கையை விரித்தவள்தான். இப்போது அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஆளுதான் மாமா. பேரு ராசாங்கம். இதே ஊருதான். எங்கப்பா மூச்சோட கெடந்தப்ப, மால போட்ட காருல ரத்தம் படும்னு வண்டி தராத ஆளு" என்று சொல்லிவிட்டு, காப்பித் தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.